எந்தக் கேமரா வாங்கலாம் என்ற கேள்விக்கு முன்

ஒளிப்படக் கலையில் ஆர்வம் கொண்ட நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: எந்தக் கேமரா வாங்கலாம்? எதைப் படமெடுக்கப் போகிறீர்கள் என்று நாம் திருப்பிக் கேட்டால் சற்றே மௌனம். பிறகு, ‘எல்லாவற்றையும்தான்’ என்று பதில் வரும். ஆசையோடு வாங்கிய கேமராவை ஆறே மாதத்தில் பீரோவுக்குள் அனுப்பிவைப்பது இந்த ‘எல்லாம்’தான் என்பது நம் எண்ணம். எடுக்க வேண்டிய பொருள் எதுவென்று தெரியாதவருக்கு ஏற்ற கருவி எதுவென்று எந்தக் கடைக்காரராலும் சொல்ல இயலாது.

இலக்கிய வாசகர்களுக்கு இதை விளக்க மா. கிருஷ்ணனைவிடப் பொருத்தமான சான்று கிடையாது. பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் மகன் அவர். 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். 1950இல் தொடங்கி 1996இல் மறையும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை குறித்துப் பத்தி எழுதினார். தமிழில் அவர் எழுதியவற்றை சு. தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற நூலாகத் தொகுத்திருக்கிறார். காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் பதிவு செய்த கிருஷ்ணனின் கருவியோ ஒரு கலவை. உடல் ஒரு நிறுவனத்துடையது, லென்ஸ் இன்னொன்றுடையது, இரண்டையும் பிணைத்த பாகங்கள் அவரே வடிவமைத்தவை. அதற்கு ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரும் சூட்டியிருந்தார்.

கருவி முக்கியமல்ல என்பதற்கு இக்கதையை எடுத்துக்காட்டுவோர் உண்டு. நாம் அப்படிக் கருதவில்லை. கடையில் கிடைத்தது போதாமல் தாமே ஒன்றை உருவாக்கிக்கொண்டவருக்குக் கருவி முக்கியமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அவரிடம் வரிசை சரியாக இருந்தது. முதலில் விலங்கு, பிறகு அதை எடுக்கத் தேவையானது என்ன என்ற கணக்கு, கடைசியில் கருவி. நம்மில் பலர் இவ்வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறோம்.

இதை ஓர் ஊரில் வைத்துப் பார்க்கலாம். ராஜபாளையத்தை அடுத்த தளவாய்புரத்தில் ஒருவர் இருக்கிறார் என்று கொள்வோம். மேற்கே மலைத்தொடர் சுவர்போல் நிற்கிறது. மலைதான் அவர் பொருள் என்றால், அவருக்குத் தேவை விலையுயர்ந்த லென்ஸ் அல்ல, ஒரு முக்காலியும் விடியற்காலை எழும் பழக்கமும். கீழ்வானத்து முதல் ஒளி மலையின் மடிப்புகளில் நேராக விழுவது காலையில் மட்டுமே. மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குவதால் மலை கருநிழலாகிவிடும். ஊரும் அந்திக்கு முன்பே நிழலுக்குள் போய்விடும். இதற்குக் கைபேசிக் கேமராவே பெருமளவு போதும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துச் சாம்பல் நிற மலையணில்தான் அவர் பொருள் என்றால் கதை வேறு. 1988இல் அந்த அணிலுக்கென அமைந்த சரணாலயம், 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. உயர்ந்த மரங்களின் உச்சிக் கிளைகளில் திரியும் உயிரைக் கைபேசியால் பிடிக்க முடியாது. குறைந்தது 300 மி.மீ. லென்ஸ் வேண்டும், வனத்துறையின் அனுமதி வேண்டும், கழுத்து வலிக்கும்வரை காத்திருக்கும் பொறுமையும் வேண்டும். இங்கே செலவு நியாயமானது.

மூன்றாவது பொருள் ஒன்று உண்டு. தளவாய்புரம் நைட்டி தைக்கும் ஊர் என்று பெயர் பெற்றது. தையல் இயந்திரங்களும் துணி வெட்டும் மேசைகளும் குவிந்துகிடக்கும் வண்ணத் துண்டுகளும் அவ்வூரின் அன்றாடம். இதற்கு ஒரு பழைய டிஎஸ்எல்ஆரும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸும் போதுமானவை. பெரிய நிறுவனங்கள் மிரர்லெஸ் பக்கம் திரும்பிவிட்டதால் இவை கைமாறும் சந்தையில் மலிந்துவிட்டன. வாங்குமுன் லென்ஸை வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே பூஞ்சை வலை படர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. 50 மி.மீ. ஒன்றையே பெரும்பாலும் கொண்டு கார்த்தியே பிரஸ்ஸோன் உலகைச் சுற்றினார். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமணரின் கடைசி நாட்களில் அங்கிருந்தவரும் அவர்தான்.

தையற்கூடத்துக்குள் கவனிக்க வேண்டியவை சில. பஞ்சுத் தூசி பறக்கும் இடத்தில் லென்ஸைக் கழற்றி மாட்டக் கூடாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் குழல்விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் படத்தில் பட்டைகள் விழா. 1/50இல் ஊசி கலங்கும், துணியை நிறுத்திப் பிடித்திருக்கும் விரல்கள் தெளிவாக நிற்கும். அந்தக் கலக்கம்தான் அங்கே வேலை நடக்கிறது என்பதன் அடையாளம். எல்லாவற்றுக்கும் மேலாக, தைப்பவரிடம் அனுமதி கேட்க வேண்டும். மறுத்தால் வணக்கம் சொல்லித் திரும்பிவிட வேண்டும்.

மூன்றில் எதைத் தேர்வது என்று கேட்டால் நாம் மூன்றாவதைத்தான் சொல்வோம். ஆண்டாள் கோயில் கோபுரத்துக்கும் ஆடிப்பூரத் தேருக்கும் ஆண்டுதோறும் ஆயிரம் கேமராக்கள் உயர்கின்றன. அருவிகளையும் அந்திவானத்தையும் சிவகாசி நாட்காட்டிகள் வேண்டிய அளவு அச்சிட்டுவிட்டன. ஓர் ஊருக்குச் சோறு போட்ட தொழிலை அவ்வூர்க்காரர் எவரும் பொறுமையோடு பதிவு செய்யாவிட்டால், முப்பது ஆண்டு கழித்து அந்தக் கூடம் எப்படி இருந்தது, எந்தச் சன்னலோரம் யார் அமர்ந்தார் என்று காட்ட ஒரு படமும் மிஞ்சாது. தொழில்கள் அறிவிப்புக் கொடுத்துவிட்டு மறைவதில்லை.

ஊக்கம் வற்றிவிடுகிறது என்பது அடுத்த முறையீடு. ஊக்கத்துக்காகக் காத்திருப்பவருக்கு அது வருவதில்லை என்பதை எழுதுகிற நண்பர்கள் அறிவார்கள். கிருஷ்ணனின் பத்தி நாற்பத்தாறு ஆண்டுகள் ஓடியது உந்துதல் ஒன்றினால் மட்டும் ஆகியிருக்க முடியாது. நம்முடைய யோசனைகள் எளியவை. ஒரே தெருவுக்கு ஓராண்டு, வாரம் ஒருமுறை செல்லுங்கள். ஒரு முறைக்கு 36 படங்களுக்கு மேல் எடுக்காதீர்கள். பழைய பிலிம் சுருள் விதித்த அந்த எல்லை, அழுத்துமுன் பார்க்கக் கற்றுத் தந்தது. மாத இறுதியில் பத்துப் படங்களை மட்டும் தெரிந்தெடுத்து அச்சிடுங்கள். பின்புறம் தேதி, இடம், இருப்பவர் சம்மதித்தால் பெயர் எழுதுங்கள். ஒரு பிரதியைப் படத்தில் இருப்பவருக்கே கொடுத்துவிடுங்கள். வெறுங்கையோடு வந்தவரைவிடப் படத்தோடு திரும்பி வந்தவருக்கு அடுத்த முறை கதவு அகலத் திறக்கும். ஊக்கம் என்று நாம் சொல்வதில் பாதி அந்தக் கதவுதான்.

இவ்வாறு ஓராண்டு நடந்த பிறகு, இருக்கும் கருவியால் எடுக்க முடியாத படம் எது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். எந்தக் கேமரா வாங்கலாம் என்ற கேள்வியை அப்போது கேளுங்கள். அதற்குள் விடை அநேகமாக உங்களிடமே இருக்கும்.