எந்த வருசத்து ஒரிஜினல்?

போன மாசம் எங்களில ஒருத்தற்ற வீட்டுக் கொட்டிலில இருந்து ஒரு சின்னத் தகர ரின் பழைய இரும்புக்காரரிட்டப் போய்விட்டது. ஒரு லீற்றர்தான் பிடிக்கும். ஆரோ எண்ணெய் ரின்னை வெட்டி, ஈயம் பத்தவைச்சு, மொறிஸ் மைனரின்ர போனெற்றுக்குக் கீழ இறுக்கி வைச்சிருந்தார்கள். ரிங்கர் வேலைக்கு வந்த அண்ணை அதைப் பார்த்தார். "இது கொம்பனிச் சாமான் இல்லைத் தம்பி, பிறகு ஒட்டினது" எண்டு வெட்டி எடுத்துப் போட்டார். நாங்கள் கம்பஸால வந்து சேர்றதுக்குள்ள சைக்கிளில வந்த இரும்புக்காரர் நிறுத்துக்கொண்டு போயிட்டார்.

ரிங்கர் அண்ணையில பிழை இல்லை. காரை 'ஒரிஜினலா' மாத்தித் தரச் சொல்லித்தான் அவருக்கு வேலை கொடுக்கப்பட்டது. எங்களுக்குப் பிரச்சினை அந்தச் சொல்லோடதான். ஒரிஜினல் எண்டால் எந்த வருசத்து ஒரிஜினல்?

யாழ்ப்பாணத்தில பழைய கார் திருத்துறது இப்ப ஒரு அலை. 2020இல வாகன இறக்குமதி நிண்டதுக்குப் பிறகு கொட்டிலுக்குள்ள கிடந்த ஒஸ்ரின், மொறிஸ் எல்லாத்துக்கும் திரும்ப விலை வந்தது. கலியாண ஓட்டத்துக்கு, படம்பிடிப்புக்கு, கொழும்பில சேகரிக்கிறவைக்கு எண்டு கேள்வி இருக்கு. புலம்பெயர்ந்த உறவுகள் காசு அனுப்பி அப்பாவின்ர காரைப் புதுசாக்குகிறார்கள். இந்தக் காருக்கும் லண்டனில இருக்கிற மாமாதான் காசு தாறார். ஒவ்வொரு ஞாயிறும் வீடியோ கோலில வேலை பார்ப்பார். நாங்கள் துருவைச் சுரண்டுறதும், நட்டுக் கழட்டுறதும், போன் பிடிக்கிறதும்.

எங்களுக்கும் முதலில இதே ஒரிஜினல் ஆசைதான் இருந்தது. அது யூடியூப்பில இருந்து தொத்தினது. அமெரிக்கர்கள் வீட்டுக் கராஜில 1960களின்ர மஸ்ராங், செவெல் எல்லாத்தையும் எலும்புவரை கழட்டிப் பூட்டுகிற வீடியோக்கள். அங்க எஞ்சின் இலக்கமும் பொடி இலக்கமும் பொருந்தினால் விலை கூட. பெயின்ற் கூட அந்த வருசக் கொம்பனி நிறமாக இருக்கவேணும். அந்தக் கார்களுக்கு அது சரியாக இருக்கலாம். தொழிற்சாலையால வெளியில வந்த நாள்தான் அதுகளின்ர உச்சம். ஆனால் ஒக்ஸ்போட்டுக்குப் பக்கத்தில கௌலியில செய்யப்பட்டு, கப்பலேறி வந்து, யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில அறுபது வருசத்துக்கு மேல ஓடின ஒரு மைனருக்கு கௌலி முதல் அத்தியாயம் மட்டும்தான்.

இந்தக் காரின்ர இலக்கம் '1 ஸ்ரீ' வரிசை. 1957இல வாகனத் தகடுகளில சிங்கள ஸ்ரீ வந்தபோது வடக்கில சனம் அதுக்குத் தார் பூசினதும், தமிழில ஸ்ரீ எழுதி ஓடினதும், அடுத்த வருசம் நாடு எரிஞ்சதும் நாங்கள் பாடத்தில படிச்சது. அம்மப்பா இந்தக் காரை 1966இல ஆரிட்டையோ ரெண்டாம் கையாக வாங்கேக்கயே தகட்டின்ர ஒரு மூலையில சுரண்டியும் போகாத தார்க் கறை இருந்ததாம். பரீட்சைக்காகப் பாடமாக்கின ஒரு விசயம் ஒரு தகட்டு மூலையில ஒட்டிக்கொண்டு கிடந்ததைக் கேட்டபோது எங்களுக்கு ஒரு மாதிரியாகிப் போச்சு. அந்தத் தகடும் இப்ப இல்லை. பளபளவெண்டு புதுத் தகடு வந்திட்டுது.

அந்த ரின்னுக்கு வருவோம். 1990இல திரும்பச் சண்டை தொடங்கினதோட பொருளாதாரத் தடையும் வந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. கார்கள் மண்ணெண்ணெயில ஓடத் தொடங்கின. இதைப் பெரியவர்கள் சொல்லேக்க ஏதோ பகிடிக்கதை மாதிரி இருக்கும். ஆனால் அதுக்குள்ள ஒரு பொறியியல் இருக்கு. மண்ணெண்ணெய் குளிரில ஆவியாகாது. அதனால சின்ன ரின்னில இருக்கிற பெற்றோலில எஞ்சினை ஸ்ராட் பண்ணி, சூடானதும் ரப்பைத் திருப்பிப் பின்னால இருக்கிற ராங்கின்ர மண்ணெண்ணெய்க்கு மாத்துவார்கள். நிப்பாட்டுறதுக்கு முதல் திரும்பப் பெற்றோலுக்கு வரவேணும். இல்லாட்டி காபரேற்றருக்குள்ள மண்ணெண்ணெய் நிண்டு அடுத்த நாள் கார் ஸ்ராட் ஆகாது. பிரித்தானியாவில அந்தக் காலத்து உழவு இயந்திரங்களில ஒரு பகுதி இதே முறையிலதான் ஓடியிருக்கு. அதுகள் தொழிற்சாலையிலேயே அதுக்கெண்டு செய்யப்பட்டவை. எங்கட மெக்கானிக்மாருக்குக் கிடைச்சது குடும்பக் கார்கள்.

காரின்ர எஞ்சினைப் பார்க்கிற மெக்கானிக் ஐயாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. "மண்ணெண்ணெயில ஓடினால் எஞ்சின் நொக்கிங் அடிக்கும். அதுக்கு ரைமிங்கைப் பின்னுக்குத் தள்ளுவம். சிலதுக்கு ஹெட் கஸ்கெற்றை ரெண்டாப் போட்டு அமுக்கத்தைக் குறைப்பம். எரியாத மண்ணெண்ணெய் கீழ இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும். அதால ஒயிலை அடிக்கடி மாத்தவேணும். ஆனால் ஒயிலுக்கு எங்க போறது?" எண்டு சிரிச்சார். இதெல்லாம் எங்கேயாவது எழுதியிருக்கா எண்டு கேட்டோம். "ஆர் எழுதுறது? செய்து பார்த்துப் பழகினதுதானே" எண்டார்.

ரின் போனதை அம்மம்மாவிட்டச் சொல்லப் பயந்துகொண்டிருந்தோம். கடைசியில அவவே கேட்டா. "அதுக்குள்ள பெற்றோல் விடுறது என்ர வேலையடா பிள்ளை. போத்தலில ஒளிச்சு வைச்சிருந்து கொஞ்சம் கொஞ்சமா விடுவன். ஒழுங்கையில ஆருக்கும் பிள்ளைப்பேத்து நோ வந்தால் இந்தக் கார்தான். அதால கோயிலுக்குப் போறதெண்டாலும் நான் எடுக்க விடமாட்டன்." வேற ஒண்டும் சொல்லேல்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே வெளிக்கிட்டபோது அந்த ரின்னில மிச்சமிருந்த பெற்றோலிலதான் கார் ஸ்ராட் ஆகியிருக்கு. நாவற்குழிப் பாலத்தடியில சன நெரிசலுக்குள்ள இடது மட்காட்டில விழுந்த நெளிவையும் ரிங்கர் அண்ணை வடிவாக நிமிர்த்தி, பூசி, உரஞ்சி விட்டார். கை வைச்சுப் பார்த்தாலும் இப்ப தெரியாது.

மாமாவோட இதைக் கதைச்சோம். அவர் 1984இல வெளிக்கிட்டவர். அவருக்கு இந்தக் கார் எண்டால் எழுபதுகளில அப்பா பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்ட கார். "அது கஷ்ட காலத்துச் சாமானடா. அதை ஏன் வைச்சுப் பார்த்துக்கொண்டிருப்பான்? கஷ்டத்தை வைச்சுக் கண்காட்சி நடத்தப் போறீங்களோ?" எண்டு கேட்டார்.

இது லேசாகத் தட்டிவிடக்கூடிய கேள்வி இல்லை. தான் விட்டுட்டுப் போன வீட்டை, தான் விட்டுட்டுப் போன மாதிரியே பார்க்க ஆசைப்படுறது பிழையா? இல்லை. யுத்த வடுவை ஒரு சுற்றுலாப் பொருளாக்கிறதை நாங்களும் விரும்பேல்லை. ஆனால் மாமாவின்ர ஒரிஜினல் 1975. அம்மம்மாவின்ரது 1992. காசு அனுப்புறவரின்ர வருசம் மட்டும் மிஞ்சி, காரோட இஞ்ச இருந்தவவின்ர வருசம் பழைய இரும்புக்குப் போறது நியாயமா எண்டதுதான் எங்கட கேள்வி. அந்த ரின்னில எங்களுக்குத் தெரியிறது கஷ்டம் மட்டுமில்லை. ஒரு மெக்கானிக்கின்ர மூளையும், ஒரு பொம்பிளையின்ர கணக்கும் அதுக்குள்ள இருந்தது. 2022இல பெற்றோல் வரிசையில நாள்க்கணக்கில நிண்ட எங்களுக்கு அந்தக் கணக்கின்ர பெறுமதி கொஞ்சமாவது விளங்கும்.

அதுக்காக எல்லாத்தையும் அப்பிடியே விடச் சொல்லேல்லை. பிரேக் குழாய், வயரிங், முன் சில்லுத் தாங்கிற திரணியன் எல்லாம் புதுசாகத்தான் வேணும். மைனரில திரணியன் புரி தேய்ஞ்சால் ஓடிக்கொண்டிருக்கேக்கயே முன் சில்லு மடங்கி விழும். சூடான எஞ்சினுக்கு மேல பெற்றோல் ரின்னும் ஆபத்துத்தான். இனி அதுக்குள்ள ஒரு சொட்டும் விடக்கூடாது. உயிருக்கு ஆபத்தானதை மாத்துவோம். அது வேற, கதை சொல்லுறதை அழிக்கிறது வேற. ரின்னை வெறுமையாக்கி, குழாயைக் கழட்டிவிட்டு, இருந்த இடத்திலேயே விட்டிருக்கலாம். இது எங்கட கண்டுபிடிப்பும் இல்லை. அமெரிக்காவின்ர பெரிய பழைய கார் போட்டியான பெபிள் பீச்சிலேயே, திருத்தாமல் உள்ளபடி பேணின கார்களுக்கெண்டு தனிப்பிரிவு இருக்கு.

எங்கட வேண்டுகோள் பெரிசில்லை. கழட்டுறதுக்கு முதல் படம் எடுங்கோ. 'கொம்பனிச் சாமான் இல்லை' எண்டு வெட்டுறதுக்கு முதல் வீட்டில இருக்கிற வயசானவையிட்ட ஒருக்காக் கேளுங்கோ. கழட்டினதை இரும்புக்குப் போடாமல் ஒரு பெட்டியில போட்டுக் காரோடயே வையுங்கோ, காரை வித்தாலும் பெட்டியும் சேர்ந்து போகட்டும். கடைசியாக, மெக்கானிக்மாரைப் பதிவு செய்யுங்கோ. வாய்மொழி வரலாறு எண்டு வகுப்பில படிக்கிறம், கள ஆய்வுக்குத் தலைப்புத் தேடி அலையிறம். எழுபது தாண்டின மெக்கானிக் ஒருத்தர் பக்கத்து ஒழுங்கையில இருக்கிறார். நாங்கள் ஐயாவிட்ட இதுவரைக்கும் மூண்டு பின்னேரம் போனில பதிஞ்சிருக்கிறோம். ரின்னின்ர அளவையும் அவர் ஞாபகத்தில இருந்து கீறித் தந்தார்.

ஒண்டு மட்டும் தப்பினது. பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மாத்துற பித்தளை ரப், கொட்டிலுக்குப் பின்னால புல்லுக்குள்ள கிடந்தது. கழுவி, பழைய இடத்திலயே திரும்பப் பூட்டியிருக்கிறோம். குழாய் ஒண்டும் இல்லை, சும்மாதான் இருக்கு. ஞாயிற்றுக்கிழமை மாமா வீடியோவில பார்த்துவிட்டு "உது என்னடா?" எண்டார். நாங்கள் போனை அம்மம்மாவிட்டக் குடுத்தோம்.