மூச்சுக்கும் பயிற்சி வேண்டும்

ஓட்டப் போட்டியில் வெற்றி தருவன கால்களே என்பது பலர்தம் எண்ணம். யாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். யாம் இல்லப் பொறுப்பாசிரியராய் இருந்த ஓர் ஆண்டில், 1500 மீற்றர் ஓட்டத்தில் முன்னணியில் வந்த மாணவன் ஒருவன் கடைசிச் சுற்றிலே தளர்ந்து பின்தங்கினான். "மூச்சு எடுக்க ஏலாமல் போச்சுது, சேர்" என்றான். "சாட்டுச் சொல்லாதே, கால் இன்னும் பழக வேண்டும்" என்று கடிந்தோம். அவன் கூறியதில் உண்மை உண்டு என்பதைப் பின்னரே கற்றறிந்தோம்.

மூச்செடுத்தலும் தசைகளின் தொழிலே. நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் இடையேயுள்ள பிரிமென்றகடும், விலா என்புகளுக்கு இடைப்பட்ட தசைகளும் சுருங்குவதனாலேயே காற்று உட்புகுகின்றது. அமர்ந்திருக்குங்கால் இவ்வேலை மிகச் சிறிது. கடும் ஓட்டத்திலோ, உடல் கொள்ளும் ஒட்சிசனில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கினை இத்தசைகளே செலவிடுதல் உண்டு. இவை களைத்தவிடத்து, கைகால்களுக்குச் செல்லும் குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன. எனவே மூச்சின் களைப்புக் காலின் களைப்பாகவும் முடிகின்றது.

இத்தசைகளை வலுப்படுத்த இயலுமா? இங்கிலாந்திலே பெண் படகோட்டியர் 14 பேரைக் கொண்டு நிகழ்த்தப்பெற்ற ஆய்வொன்று 2001 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒரு சாரார் மூச்சை உள்ளிழுக்குங்கால் தடைகொடுக்கும் சிறு கருவியை வாயிற்கொண்டு, தம் முழுவலிமையிற் பாதியளவான தடைக்கு எதிராக, நாளுக்கு இருமுறை 30 மூச்சு வீதம் 11 வாரம் பயின்றனர். மற்றைச் சாரார்க்கு இலேசான தடையே அளிக்கப்பட்டது. ஆறு நிமிடத்தில் வலித்த தூரம் முன்னவர்க்கு நூற்றுக்கு 3.5 பங்கும், பின்னவர்க்கு 1.6 பங்கும் கூடிற்று. பாரம் தூக்காத கை வலுப்பெறாதவாறு போலவே, போதிய தடையின்றி மூச்சுத்தசையும் வலுப்பெறாது என்க.

இதனை மாயவித்தையென்று கொள்ளற்க. நீச்சல் வீரரிடையே 2010 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், 100, 200 மீற்றர்களிற் கண்ட பயன் 400 மீற்றரிற் காணப்படவில்லை. ஓடாதவனை ஓட்டக்காரனாக்கும் ஆற்றல் எக்கருவிக்கும் இல்லை.

"எம் முன்னோர் அறியாத மூச்சுப் பயிற்சியா?" எனச் சிலர் வினவுவர். திருமூலர் பிராணாயாமத்தைத் திருமந்திரத்திலே விரித்துரைத்தமை உண்மையே. ஆயினும் அவர் கருதியது யோகநெறி. ஓட்டப் பந்தயம் அன்று. அதனைப் போற்றுவோம், அதன் பெயரால் இதனைத் தள்ளாதிருப்போம்.

பழைய மாணவர்களிடம் எமது வேண்டுகோள் ஒன்று. ஆண்டுதோறும் வெற்றிக் கேடயங்கள் வழங்குகின்றீர்கள், நன்று. இவ்விழா ஆண்டிலே, மூத்த வீரர் ஒவ்வொருவர்க்கும் தனித்தனிக் கருவியும், பயிற்சிக்கு முன் மருத்துவப் பரிசோதனையும் கிடைக்க வழிசெய்யுங்கள். மூச்சு முட்டும் பிள்ளைகளுள் தொய்வு நோயுடையாரும் இருத்தல் கூடும். அவர்க்கு வேண்டுவது பயிற்சிக்கு முன் மருத்துவர் துணையே.

அன்று யாம் கடிந்த சொல்லை மீட்டல் இயலாது. இனி ஒரு மாணவன் "மூச்சு ஏலாது" என்று கூறின், ஆசிரியராகிய நாம் அவனுக்குச் செவிகொடுத்தலாவது இயலும்.