மேனிஃபோல்டைக் குடைந்தால் குதிரை வருமா?

காருக்குப் பவர் ஏற்றித் தருகிறோம் என்று சொல்லும் பட்டறைகளில் ஒரு வசனம் அடிக்கடி காதில் விழும். "இன்டேக் மேனிஃபோல்டைக் கொஞ்சம் குடைஞ்சு, உள்ளே கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டா வண்டி பறக்கும் தம்பி!" தம்பியும் தலையாட்டுகிறார். அப்பா ஓட்டிய பழைய ஜென்னோ எஸ்டீமோ உள்ளே போகிறது. நாலு நாள் கழித்து வெளியே வரும்போது சத்தம் கூடியிருக்கிறது, பர்ஸ் இளைத்திருக்கிறது. பவர்? அதை யாரும் அளக்கவில்லை. அளக்காத வரைக்கும் எல்லாக் காரும் பறக்கும் கார்தான்!

மேனிஃபோல்டில் கை வைப்பதே பாவம் என்று யாரும் சொல்லவில்லை. கார் வரலாற்றில் மிக அழகான பொறியியல் வேலைகள் சில அந்தக் குழாய்களுக்குள்தான் நடந்திருக்கின்றன. பிரச்சினை வேறு. கணக்குப் போடாமல், அளக்காமல், அரத்தை மட்டும் நம்பி நடக்கும் இந்த வியாபாரம், வாங்குகிறவரிடம் இருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வேறொன்றைக் கொடுக்கிறது. பிடுங்கியதைச் சொல்வதே இல்லை. அதுதான் மோசடி.

அது வெறும் குழாய் அல்ல

பெரும்பாலான ஆட்கள் மேனிஃபோல்டைத் தண்ணீர்க் குழாய் மாதிரி நினைக்கிறார்கள். குழாய் பெரிதானால் தண்ணீர் அதிகம் வரும், அதேபோல் காற்றும் வரும் என்று. எஞ்சினுக்குள் காற்று அப்படிச் சீராக ஓடுவதில்லை. 6000 ஆர்.பி.எம்மில் ஓடும் நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 50 தடவை மூச்சிழுக்கிறது. வால்வு திறக்கிறது, காற்று பாய்கிறது, வால்வு படாரென்று மூடுகிறது, பாய்ந்து வந்த காற்று முட்டி நிற்கிறது. மறுபடி அதே கதை. ரன்னர் எனப்படும் அந்தத் தனித்தனிக் குழாய்களுக்குள் எந்நேரமும் அழுத்த அலைகள் போய்ப்போய் வந்துகொண்டிருக்கின்றன.

பிஸ்டன் கீழே இழுக்கும்போது ஒரு தாழ் அழுத்த அலை கிளம்பி, ரன்னர் வழியாக பிளீனம் என்ற பொதுப் பெட்டியை நோக்கி ஒலியின் வேகத்தில் ஓடுகிறது. குழாயின் திறந்த முனையில் அது திரும்பும்போது உயர் அழுத்த அலையாக மாறுகிறது. அந்த அலை, வால்வு மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்து சேர்ந்தால் கூடுதல் காற்றை உள்ளே தள்ளிவிடும். தாமதமாக வந்தால் மூடிய கதவில் முட்டும். ஊஞ்சல் ஆட்டிவிடுகிற மாதிரிதான். எவ்வளவு பலமாகத் தள்ளுகிறோம் என்பதைவிட எப்போது தள்ளுகிறோம் என்பதுதான் முக்கியம்.

இதைக் காகிதத்திலேயே தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். அலை போய்த் திரும்ப கிராங்க் சுமார் 90 டிகிரி சுற்றும் நேரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 6000 ஆர்.பி.எம்மில் 90 டிகிரிக்கு ஆகும் நேரம் 2.5 மில்லி விநாடி. ஒலி நொடிக்கு 350 மீட்டர் வேகத்தில் போனால் அந்த நேரத்தில் 87 சென்டிமீட்டர் ஓடும். போக வர இரண்டு பயணம் என்பதால் குழாயின் நீளம் சுமார் 44 சென்டிமீட்டர். 3000 ஆர்.பி.எம்மில் அதே உதவி வேண்டுமென்றால் நீளம் இரண்டு மடங்கு, 87 சென்டிமீட்டர். ஒரு நீளம் ஒரு வேகத்துக்குத்தான் பொருந்தும். குழாயை வெட்டிக் குட்டையாக்கினால் மேல் ஆர்.பி.எம்மில் லாபம், கீழே நஷ்டம். நீட்டினால் தலைகீழ். இலவசம் என்று இதில் எதுவும் கிடையாது.

1960லேயே முடிந்துபோன வாக்குவாதம்

இந்தக் கொடுக்கல் வாங்கலை அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் 1960லேயே ஊரறியக் காட்டிவிட்டது. அந்த ஆண்டு வந்த கிரைஸ்லர் 300 எஃப் காரில் 413 கன அங்குல (ஏறக்குறைய 6.8 லிட்டர்) வி-8 எஞ்சின். அதன் தலைக்கு மேல் 30 அங்குல நீளக் குழாய்கள், எஞ்சினைக் குறுக்காகத் தாண்டி ஒரு பக்கத்துக் கார்புரேட்டரை எதிர்ப் பக்கத்து சிலிண்டர்களோடு இணைத்தன. டர்போ இல்லை, சூப்பர்சார்ஜர் இல்லை. வெறும் குழாய் நீளத்தை வைத்துக் காற்றைத் திணித்தார்கள். 375 குதிரைத்திறன். உச்ச டார்க் 2800 ஆர்.பி.எம்மிலேயே 495 பவுண்ட்-அடி.

அதே காருக்கு 400 குதிரைத்திறனில் இன்னொரு எஞ்சினும் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அதே நீளக் குழாய்கள். ஆனால் உள்ளே அடுத்தடுத்த குழாய்களுக்கு நடுவே இருந்த சுவரின் ஒரு பகுதி கிடையாது. அதனால் அலையின் கணக்கில் குழாய் 15 அங்குலம்தான். குதிரைத்திறன் ஏறியது. டார்க்? 465க்கு இறங்கியது, அதுவும் 3600 ஆர்.பி.எம்மில்தான் கிடைத்தது. 25 குதிரை வந்தது, 30 பவுண்ட்-அடி போனது. கம்பெனி இரண்டு எண்களையும் சொல்லியே விற்றது. இன்றைய பட்டறை, வந்த குதிரையை மட்டும் எண்ணிக் காட்டுகிறது!

யோசித்துப் பாருங்கள். வடபழனி சிக்னலிலோ காந்திபுரம் நெரிசலிலோ நிற்கும் கார் எந்த ஆர்.பி.எம்மில் ஓடுகிறது? பெரும்பாலான நேரம் 1500க்கும் 3500க்கும் இடையில். 6500ல் வரும் நாலு குதிரைக்காக 2000த்தில் இருக்கும் பிக்கப்பை விற்றவர், சிக்னல் விழுந்ததும் பின்னால் வரும் ஷேர் ஆட்டோ தாண்டிப் போவதை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

குடைவதும் பாலிஷும்

சரி, நீளத்தில் கை வைக்கவில்லை, உள் விட்டத்தை மட்டும் குடைகிறோம் என்பார்கள். விட்டம் பெருத்தால் அதே அளவு காற்று மெதுவாகப் போகும். வேகமாக வரும் காற்றுக்கு ஓர் உந்தம் உண்டு. பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் கொஞ்சம் காற்றை உள்ளே தள்ளுவது அதுதான். வேகம் குறைந்தால் அந்த உதவியும் குறையும். மறுபடியும் அடி வாங்குவது கீழ் ஆர்.பி.எம்.

கண்ணாடி பாலிஷ் விஷயம் இன்னும் வேடிக்கை. கார்புரேட்டர் வண்டியில் மேனிஃபோல்டு முழுக்கப் பெட்ரோல் துளிகளும் காற்றும் கலந்து பயணிக்கின்றன. வழவழப்பான சுவரில் பெட்ரோல் படலமாக ஒட்டி வழியும். சற்றே சொரசொரப்பான சுவர் அந்தப் படலத்தைக் கலைத்து மறுபடி காற்றோடு கலக்க உதவும். அங்கே பாலிஷ் கெடுதல். போர்ட்டில் இஞ்செக்டர் வைத்த எம்.பி.எஃப்.ஐ வண்டியில் பெட்ரோல் வால்வுக்குப் பக்கத்தில் தெளிக்கப்படுகிறது. மேனிஃபோல்டில் போவது வெறும் காற்று. அங்கே பாலிஷால் கெடுதல் இல்லை, சொல்லிக்கொள்ளும்படி லாபமும் இல்லை. காற்றுக்குப் பெரிய தடை வால்வும் அதன் இருக்கையும் அதைச் சுற்றிய வளைவும்தான். அந்த இடத்தில் வேலை செய்யத் தெரிந்தவர்கள் குறைவு, தெரிந்தவர்கள் கேட்கும் கூலி அதிகம். அதனால் கைக்கு எட்டுகிற மேனிஃபோல்டு பளபளக்கிறது.

கூடவே ஒரு பரிசும் கிடைக்கும். குடைந்த அலுமினியத் தூளைச் சரியாகக் கழுவாமல் மாட்டினால் அது நேராக சிலிண்டருக்குள் போய்ச் சுவரைக் கீறும். கேஸ்கெட் முகம் சமமாக உட்காராவிட்டால் அந்த இடுக்கு வழியாகக் காற்று திருட்டுத்தனமாக நுழைந்து ஐடிலிங் ஏறி இறங்கி ஆடும். பவர் தேடிப் போனவர் கடைசியில் ஐடிலிங் தேடி அலைவார்.

"அப்போ டைப் ஆர் எப்படிங்க?"

இந்த இடத்தில் கட்டாயம் ஒருவர் ஹோண்டா இன்டெக்ரா டைப் ஆரை இழுத்து வருவார். 1.8 லிட்டரில் டர்போ இல்லாமல் 195 குதிரை, 8000 ஆர்.பி.எம்மில். அதே அளவு எஞ்சின் உள்ள இன்டெக்ரா ஜி.எஸ்.ஆரில் 170. ஜி.எஸ்.ஆர் மேனிஃபோல்டில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று என இரண்டு பாதைகள். ஆர்.பி.எம் ஏறும்போது நடுவில் உள்ள தகடுகள் திறந்து குட்டைப் பாதையும் சேரும். டைப் ஆரில் அந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டு ஒற்றைப் பாதை வைத்தார்கள். "பார்த்தீங்களா, மேனிஃபோல்டை மாத்தினாங்க, 25 குதிரை வந்துச்சு!"

பாதிக் கதை. கேம்ஷாஃப்ட் மாறியது. கம்ப்ரஷன் 10.0லிருந்து 10.6 ஆனது. வால்வு ஸ்பிரிங், பிஸ்டன், எக்ஸாஸ்ட் எல்லாம் மாறின. இத்தனையும் சேர்ந்து எஞ்சின் 8000க்கு மேல் சுற்றத் தயாரான பிறகுதான் குட்டை மேனிஃபோல்டுக்கு அங்கே வேலை வந்தது. 6000த்தில் மூச்சு வாங்கும் எஞ்சினுக்கு 8000த்தின் மேனிஃபோல்டை மாட்டுவது, ஓட்டப்பந்தய ஷூ மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருப்பது மாதிரி.

கணினி கேட்காமல் காற்று போகலாமா?

இ.சி.யூ உள்ள வண்டியில் இன்னொரு சிக்கல். பல சின்னக் கார்களில் உள்ளே போகும் காற்றை யாரும் நேரடியாக அளப்பதில்லை. மேனிஃபோல்டு அழுத்தம், ஆர்.பி.எம், காற்றின் வெப்பம் மூன்றையும் வைத்து "இந்த எஞ்சின் இவ்வளவு காற்று இழுக்கும்" என்று அட்டவணையைப் பார்த்துக் கணினி முடிவு செய்கிறது. அந்த அட்டவணை பழைய மேனிஃபோல்டுக்கு எழுதியது. மெதுவாக ஓட்டும்போது ஆக்ஸிஜன் சென்சார் பிழையைத் திருத்தும். முழு ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது பெரும்பாலும் அந்தத் திருத்தம் கிடையாது. அங்கே நிஜமாகவே காற்று கூடியிருந்தால், பெட்ரோல் போதாமல் கலவை மெலிந்து, சூடேறி, நாக்கிங் வந்து பிஸ்டனே சேதமாகலாம். காற்று கூடவில்லை என்றால் வண்டிக்கு ஒன்றும் ஆகாது. அதாவது பட்டறையின் வேலை தோற்றால்தான் எஞ்சின் பிழைக்கும்! கணினியின் அட்டவணையையும் திருத்தாமல் மேனிஃபோல்டை மட்டும் மாற்றுவது அரைகுறை வேலை.

காதால் அளக்கிற டைனோ

அப்படியும் "வித்தியாசம் தெரியுதே" என்பவர்கள் உண்டு. தெரிவது சத்தம். ஏர் ஃபில்டர் பெட்டிக்கும் அதோடு ஒட்டிய அதிர்வுப் பெட்டிக்கும் ஒரு வேலை, உறிஞ்சும் இரைச்சலை அடக்குவது. அதைக் கழற்றி ஒரு கூம்பு ஃபில்டரை மாட்டினால் எஞ்சின் உறுமும். மூளை அதைப் பவர் என்று எடுத்துக்கொள்ளும். நடப்பது என்ன? தொழிற்சாலைக் குழாய் பம்பர் அருகிலிருந்து வெளிக் காற்றை எடுத்தது. கூம்பு, பானெட்டுக்குள் ரேடியேட்டர் சூட்டை எடுக்கிறது. காற்று 30 டிகிரி கூடுதல் சூடானால் அதன் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறையும். காசு கொடுத்துக் காற்றைக் குறைத்துக்கொண்டு, உறுமலைக் கேட்டு மகிழ்கிறார்கள்.

சட்டம் என்று ஒன்று

பந்தயத் தளத்துக்கு மட்டும் போகும் கார் என்றால் கதை வேறு. சாலையில் ஓடும் காருக்கு மோட்டார் வாகனச் சட்டம் 1988ன் 52வது பிரிவு இருக்கிறது. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்றது. இது வண்டி உரிமையாளருக்கு. பில் இல்லாமல் வேலை செய்த பட்டறை அப்போது எங்கே இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

"கம்பெனிக்காரன் மட்டும் யோக்கியமா?"

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கம்பெனி மேனிஃபோல்டு ஒரு சமரசம்தான். விலை, பானெட்டின் உயரம், புகை விதி, இரைச்சல், மைலேஜ் எல்லாம் சேர்ந்து வடித்தது. கட்டுகளை அவிழ்த்தால் பொறியாளர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு 1991ல் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தை வென்ற மாஸ்டா 787பி சாட்சி. அதன் ரன்னர்கள் தொலைநோக்கி மாதிரி ஓட்டத்திலேயே நீண்டு சுருங்கின. 2001ல் பி.எம்.டபிள்யூ தன் 7 சீரிஸ் சாலைக் காரிலேயே தொடர்ந்து நீளம் மாறும் மேனிஃபோல்டைக் கொண்டுவந்தது. இவர்கள் நீளத்தை மாற்றினார்கள், ஏனென்றால் ஒரு நீளம் எல்லா வேகத்துக்கும் போதாது என்று தெரிந்திருந்தது. மாற்றிவிட்டு அளந்தார்கள். மறுபடி மாற்றினார்கள், மறுபடி அளந்தார்கள். கற்றுக்கொள்ள வேண்டியது அந்தப் பழக்கத்தை.

கல்லூரிப் பையன்களுக்கு அதற்கான களமும் இருக்கிறது. ஃபார்முலா ஸ்டூடண்ட் வகைப் போட்டிகளில் பெட்ரோல் எஞ்சினுக்குப் போகும் மொத்தக் காற்றும் 20 மில்லிமீட்டர் துளை ஒன்றின் வழியாகத்தான் போக வேண்டும். எவ்வளவு உறிஞ்சினாலும் நொடிக்குச் சுமார் 74 கிராமுக்கு மேல் அதில் காற்று போகாது. ஒலியின் வேகத்தை எட்டியதும் துளை அடைத்துக்கொள்ளும். அந்தத் துளைக்குப் பின்னால் பிளீனம் எவ்வளவு பெரிது, ரன்னர் எவ்வளவு நீளம் என்பதில்தான் அணிகள் முட்டி மோதுகின்றன. கோவை காரி மோட்டார் ஸ்பீட்வேயிலேயே இப்படிப்பட்ட போட்டி நடந்திருக்கிறது. மேனிஃபோல்டு மேல் அவ்வளவு ஆசை இருப்பவர் அப்பாவின் காரை விட்டுவிட்டுக் கல்லூரி அணியில் சேரலாம். அங்கே அரம் எடுப்பதற்கு முன் கால்குலேட்டர் எடுக்கச் சொல்வார்கள்.

அதெல்லாம் முடியாது, காரைத்தான் குடையப் போகிறேன் என்பவர், காசு கொடுக்கும் முன் பட்டறையில் மூன்றே கேள்வி கேட்கட்டும்:

1. வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே டைனோவில், ஒரே கியரில், ஒரே மாதிரி சூட்டில் அளந்து தருவீர்களா?
2. உச்சக் குதிரைத்திறன் மட்டும் போதாது, 2000த்திலிருந்து மேலே டார்க் வரைபடம் முழுசாகக் காட்டுவீர்களா?
3. இ.சி.யூ அட்டவணையை யார் திருத்துவது? கலவை சரியா என்று எப்படிப் பார்ப்பீர்கள்?

மூன்றுக்கும் ஆமாம் என்று சொல்லி, எழுதியும் தரும் பட்டறை கிடைத்தால் அங்கே மரியாதையாகக் காசு கொடுக்கலாம். "அதெல்லாம் எதுக்கு தம்பி, ஓட்டிப் பாருங்க தெரியும்" என்று பதில் வந்தால் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வருவது நல்லது. அந்தக் காசில் ஒரு நல்ல ஏர் ஃபில்டர், புது ஸ்பார்க் பிளக், சரியான டயர் காற்று என்று கவனித்தாலே, வண்டி தொலைத்துவிட்ட பழைய குதிரைகளில் சில தானாகவே லாயத்துக்குத் திரும்பி வரும்.