பக்தனுக்கு விடுதலை எப்போது?

"குருநாதர் சொன்னார், செய்தேன்" என்கிற கொலைக் குற்றவாளியைத் தண்டனைக் காலம் முடியுமுன் விடலாமா? இக்கேள்வி ஏதோ தூரதேசத்துக் கேள்வி என்று இடையஞ்சாவடித் தோழர்கள் எண்ண வேண்டியதில்லை. புதுவையைத் தாண்டித் தெற்கே போனால் வரும் கடலூர்ச் சிறையில்தான் சுவாமி பிரேமானந்தா கைதியாயிருந்தார். புதுக்கோட்டை ஜில்லா பாத்திமா நகரில் ஆசிரமம் வைத்து, வெறுங்கையில் விபூதியும் வாயில் லிங்கமும் வரவழைத்துக் காட்டியவர் அவர். தம்மை நம்பித் தங்கியிருந்த பெண்களைப் பலாத்காரம் செய்ததற்கும், ஒரு இஞ்சினீயரைக் கொன்றதற்கும் 1997-ல் இரட்டை ஆயுள் தண்டனை பெற்றார். சீடர்கள் சிலரும் தண்டிக்கப்பட்டனர். 2005-ல் சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்தது. 2011-ல் தண்டனைக் கைதியாகவே இறந்தார். வாயிலிருந்து லிங்கம் வரவழைத்தவருக்குச் சிறைக் கதவின் சாவியை வரவழைக்க முடியவில்லை!

நிற்க, சீடனின் பொறுப்பென்ன? "பாவம், மயக்கத்தில் செய்துவிட்டான்" என்று சிலர் பரிதாபப்படுகிறார்கள். மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரி சொன்னாரென்று ஒரு கூலியாள் மற்றொருவனை வெட்டினால், கோர்ட்டு அவனைச் சும்மா விடுமா? மேஸ்திரி சொல்லுக்கு இல்லாத சலுகை காவி கட்டியவன் சொல்லுக்கு மாத்திரம் ஏன்? புத்தியை அடகு வைத்தவன் அவன், பொறுப்பும் அவனுடையதே.

ஆனால், அடகு வைத்த புத்தியை மீட்கவே முடியாதென்று நாம் சொல்லமாட்டோம். சொன்னால் பகுத்தறிவுப் பிரசாரத்துக்கே வேலையில்லாமற் போகும். அமெரிக்காவில் சார்லஸ் மான்சன் என்பவனைக் கிறிஸ்துவென்று நம்பி, 1969-ல் ஒரு தம்பதியைக் கொன்ற கூட்டத்தில் லெஸ்லி வான் ஹூட்டன் என்ற 19 வயதுப் பெண்ணும் இருந்தாள். மரண தண்டனை விதிக்கப்பட்டு, அது பின்னர் ஆயுள் தண்டனையாயிற்று. சிறையில் படித்துப் பட்டம் பெற்றார், மான்சனைக் கைவிட்டார், தம் குற்றத்தைத் தமதென்றே ஒப்புக்கொண்டார். பரோல் போர்டு 2016 முதல் ஐந்து முறை சிபாரிசு செய்தும் கவர்னர்கள் மறுத்தனர். 2023-ல் அப்பீல் கோர்ட்டு தீர்ப்பின்மேல், 73-ம் வயதில் வெளிவந்தார். கொல்லப்பட்டவர்களின் உறவினர் எதிர்த்தனர். அவர்கள் துக்கத்தைக் குறைகூற நமக்கு யோக்கியதை இல்லை. ஆயினும், திருந்தியவரையும் சாகும்வரை அடைப்பதென்றால், சிறை திருத்துமிடம் என்ற பேச்சு எதற்கு?

அங்கே பரோல் என்பது நிபந்தனையுடன் விடுதலை. இங்கே சில நாள் லீவு. அந்த லீவு யாருக்குச் சுலபமாகக் கிடைக்கிறது? பெண் பக்தர் இருவரைப் பலாத்காரம் செய்ததற்காக 2017-ல் 20 ஆண்டு தண்டனை பெற்ற குர்மீத் ராம் ரஹீம், 2022-ல் பஞ்சாப் தேர்தலுக்கு முன்னும், 2024-ல் ஹரியானா தேர்தலுக்கு முன்னும் வெளியே வந்தார். ஓட்டுக்கும் லீவுக்கும் சம்பந்தமில்லையாம். இதை நம்புகிறவர்கள் விபூதியையும் நம்பலாம்.

ஆகவே நாம் சொல்லுவது இது. "சிறையில் அடக்கமாயிருந்தான்" என்ற சர்டிபிகேட் சீடன் விஷயத்தில் போதாது. சொன்னபடி கேட்பதுதானே அவனுடைய பழைய வியாதி! "உன் குரு மறுபடி உத்தரவிட்டால் என்ன செய்வாய்?" என்று கேட்கவேண்டும். "செய்யேன்; அன்று செய்ததும் என் குற்றமே" என்று சொல்லி, பல வருஷ நடத்தையால் மெய்ப்பித்தவனுக்குக் கதவு திறக்கட்டும். குருவின் படத்தைக் கும்பிட்டுக்கொண்டே மனுப்போடுகிறவன் உள்ளேயே இருக்கட்டும்.