வெட்டுக்குத் தையல் போட்டீர்கள், பயத்துக்கு என்ன வைத்தியம்?

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசரா நெருங்கினால் மாவட்ட நிர்வாகத்திடமிருந்து ஓர் அறிவிப்பு வரும். சாதி அடையாளக் கொடி கூடாது, ரிப்பன் கூடாது. மாலை போட்டு, விரதமிருந்து, வேடம் கட்டி வருகிற பக்தருக்கு எதற்கு இந்த எச்சரிக்கை என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்கம் வேண்டாம். இதே குலசையில் 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ராக்கெட் விடப்போகிற மாவட்டத்தில் தலித் பையன் பஸ் ஏறிப் பரீட்சைக்குப் போக முடியவில்லை.

2025 மார்ச் 10. ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் பிளஸ் ஒன் பரீட்சைக்குப் போன மாணவனை, பேருந்தை மறித்து இறக்கி வெட்டினார்கள். கைவிரல்கள் துண்டாயின. கபடியில் ஜெயித்ததுதான் காரணம் என்றது குடும்பம். அதற்கு முன்பு, 2023 ஆகஸ்டில், நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்கள் அவனோடு படித்தவர்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது.

நாங்குநேரியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெட்டு விழுவதற்கு முன்பே அந்தப் பையன் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியிருந்தான். ஏன் வரவில்லை என்று கேட்டபிறகுதான் சக மாணவர்கள் செய்த கொடுமை வெளியே வந்தது. புகார் போனது, அரிவாள் வந்தது. அவன் வீட்டில் முடங்கிக் கிடந்த நாட்கள் எந்த ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இருக்கின்றன? ரத்தம் வந்தால்தான் அரசுக்குக் காயம்.

வன்முறை பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று 1996-லேயே உலக சுகாதாரப் பேரவை தீர்மானம் போட்டது. நம் ஊரில் அது இன்னமும் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. சம்பவம், வழக்கு, அமைதிக் குழு, பந்தோபஸ்து வாபஸ். கோப்பு மூடிவிடும். அந்தத் தெருவில் என்ன மூடுகிறது? மகன் கடைசி பஸ்ஸில் வந்து இறங்குகிறவரை அம்மா வாசலில் நிற்கிறாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே எந்தத் தெரு வழியாகப் போகக்கூடாது என்று தெரிந்திருக்கிறது. பதினைந்து வயதில் "தலையைக் குனிஞ்சு போ" என்று சொல்லி வளர்த்த பிள்ளை முப்பது வயதில் சிரிக்கவில்லையே என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

கொடியன்குளத்தை எடுத்துக்கொள்வோம். 1995 ஆகஸ்ட் 31 அன்று அந்த ஊருக்குள் புகுந்தது போலீஸ். டிவி, மின்விசிறி, பாத்திரம் என்று உடைத்தார்கள். படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களையும் பாஸ்போர்ட்டுகளையும் அழித்தார்கள். வெளிநாடு போய்ச் சம்பாதித்து எழுந்த ஊர், இனி எழக்கூடாது என்பதுதான் குறி. நான்கே வருடத்தில், 1999 ஜூலை 23-ல், மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனவர்களை நெல்லையில் போலீஸ் தாமிரபரணிக்குள் அடித்து விரட்டியது. 17 பேர் செத்தார்கள், அதில் ஒரு கைக்குழந்தை. இதையெல்லாம் கண்ணால் பார்த்த பிள்ளைகள்தான் இன்றைய தாய் தகப்பன்கள். 2025 ஜூலையில் ஆறுமுகமங்கலத்து மென்பொருள் பொறியாளர், 27 வயதுக்காரர், தாத்தாவை வைத்தியத்துக்குக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டை போன இடத்தில் கொல்லப்பட்டார். அவர் பழகிய பெண்ணின் தம்பி கைதானார். படித்தால் தப்பிக்கலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தோமே, இனி என்ன சொல்ல?

மனநல மருத்துவர்கள் மீதும் நமக்குக் கோபம் உண்டு. தூக்கம் வரவில்லை என்று போனால் மாத்திரை எழுதுகிறார்கள். எந்த ஊர், எந்தத் தெரு, என்ன நடந்தது என்று கேட்பவர் அபூர்வம். மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது, 14416 என்று போன் நம்பரும் இருக்கிறது. மாத்திரையை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை, தேவைப்பட்டவர் போட்டுக்கொள்ளட்டும். ஆனால் வெட்டியவன் ஜாமீனில் வந்து அதே டீக்கடையில் உட்கார்ந்திருக்கும்போது, பயப்படுகிறவனுக்கு 'பதற்ற நோய்' என்று பெயர் வைப்பது வைத்தியமா? அந்தப் பயம் அவன் அறிவு சரியாக வேலை செய்வதற்கு அத்தாட்சி.

நோய் எங்கே என்று பார்க்க வேண்டுமானால் பதினேழு வயதில் புத்தகப் பைக்குள் அரிவாள் வைக்கிற பிள்ளையைப் பாருங்கள். கையில் சாதிக் கயிறு கட்டி அனுப்பிய வீட்டைப் பாருங்கள். நாங்குநேரிக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது, பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் வேண்டும் என்றது. கயிற்றுக்கே கூப்பாடு போட்டார்கள். இந்துக்களுக்கு விரோதம் என்றார்கள். ஆலோசகரைப் பற்றிப் பேச ஆளில்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளின்படி கலெக்டர் தலைமையில் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். எத்தனை வழக்கு, எவ்வளவு தீருதவி கொடுத்தோம் என்று அங்கே கணக்கு வாசிப்பார்கள். தூத்துக்குடியில் அடுத்த கூட்டத்துக்கு மாவட்ட மனநல மருத்துவரையும் உட்கார வையுங்கள். வழக்குப் பதிவான ஒவ்வொரு ஊருக்கும் அவர் எத்தனை தடவை போனார், வெட்டுப்பட்ட வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் திரும்பப் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்று கேளுங்கள். கொடியன்குளத்துப் பெரியவர்களிடமும் முப்பது வருடம் கழித்தாவது யாராவது போய்க் கேட்கட்டும். பதிலை எழுத்தில் கொடுங்கள்.