பொத்தான் கத்திக்கு என்ன அவசியம்?

பொத்தானை அழுத்தினால் தானாகவும், கட்டைவிரலால் தள்ளினால் கையாலும் திறக்கும் மடக்குக் கத்தியே அன்றாடம் உடன் வைத்திருக்கச் சிறந்தது என்கிறார்கள் அதன் ஆதரவாளர்கள். ஒரு கையால் திறக்கலாம், ஸ்பிரிங் பழுதானாலும் கத்தி பயன்படும் என்பவை அவர்கள் காட்டும் காரணங்கள். இரண்டும் உண்மை. ஆனால் இரண்டுமே சாதாரண மடக்குக் கத்திக்கும் பொருந்தும். 1981-லேயே அமெரிக்காவின் ஸ்பைடர்கோ நிறுவனம் அலகில் வட்டத் துளையிட்டு, கட்டைவிரலால் திறக்கும் கத்தியைக் கொண்டுவந்துவிட்டது. அலகைத் திறக்கும் ஸ்பிரிங்கே இல்லாத கத்தியில் அது பழுதாவது ஏது? ஒரு பாகத்தைச் சேர்த்ததால் வந்த குறைக்கு மாற்றுவழி வைத்துவிட்டு, அந்த மாற்றுவழியையே சிறப்பாகச் சொல்வது வாதமாகாது. பொத்தான் கத்தியை மடக்கும்போதோ ஸ்பிரிங்கின் எதிர்விசையை மீறி அலகை உள்ளே தள்ள வேண்டியிருக்கிறது.

கையாலும் திறக்கும் என்பதால் சட்டம் விட்டுவிடும் என்பதும் தவறு. மாநிலங்களுக்கிடையே பொத்தான் கத்திகளின் வணிகத்தைத் தடுக்கும் 1958-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம், பிடியிலுள்ள பொத்தானால் தானாகத் திறக்கிறதா என்றே பார்க்கிறது. பல மாநிலங்கள் தடையைத் தளர்த்தியிருப்பது மெய்தான். ஆயினும் கலிபோர்னியாவில் 2 அங்குலமோ அதற்கு மேலோ நீளமுள்ள அலகு கொண்ட பொத்தான் கத்தியை எடுத்துச்செல்ல முடியாது. பிரிட்டனில் 2021 முதல் இத்தகைய கத்தியை வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். ஒரு கை மட்டுமே உள்ளவர்களுக்கு 3 அங்குல அலகு வரை அந்த 1958 சட்டமே விலக்களிக்கிறது. அவர்களின் தேவை நியாயமானது. மற்றவர்கள் நல்ல பூட்டுள்ள சாதாரண மடக்குக் கத்தியையே வாங்குங்கள்.