பேட்டரி நின்றால் பேச்சும் நிற்கும்

ஹுத்தான் மெலிந்தாங் வட்டாரத்திலே கித்தா மரங்களின் பெரும்பகுதி வெட்டப்பட்டு, அவ்விடத்தில் செம்பனை நின்று பல ஆண்டுகளாகி விட்டன. எஞ்சியுள்ள பால்மரக் காட்டுக்குப் போகிறவரானாலும் சரி, செம்பனைக் காட்டுக்குப் போகிறவரானாலும் சரி, எந்தத் தொழிலாளியின் பையைப் பார்த்தாலும் ஓர் ஆண்ட்ராய்டு கைப்பேசி இருக்கிறது. வெட்டுக் கத்தியை வீட்டில் மறந்து வந்தவர் உண்டு; கைப்பேசியை மறந்து வந்தவரை நாம் கண்டதில்லை. ஆனால் காலை பத்து மணிக்கு அந்தக் கைப்பேசிக்கு உயிர் இருக்கிறதா என்று கேட்டால், பாதிப் பேர் தலையைச் சொறிகிறார்கள்.

சென்ற ஆண்டு நமக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். பால் வெட்டிக் கொண்டிருந்த ஓர் அம்மாளைக் குளவிக் கூட்டம் கொட்டி விட்டது. அவர் மயங்கி விழுந்தார். பக்கத்து நிறையில் இருந்தவர் கைப்பேசியை எடுத்தார். அது செத்துக் கிடந்தது. விடியுமுன் தலைவிளக்கு மங்கியதால் கைப்பேசியின் வெளிச்சத்திலேயே முப்பது நாற்பது மரம் வெட்டியிருக்கிறார். பிறகு அவர் மோட்டார் சைக்கிளில் ஆபீசுக்கு வந்து சொல்லி, வண்டி ஏற்பாடாகி, அம்மாளைத் தெலுக் இந்தான் மருத்துவமனையில் சேர்த்தோம். உயிர் பிழைத்துக் கொண்டார். ஆனால் வீணாய்ப் போன இருபது நிமிடத்தை நினைத்தால் இன்றும் நமக்கு நெஞ்சு பதறுகிறது. 999 என்ற எண்ணை அழுத்த ஒரு துளி பேட்டரி இருந்திருந்தால் போதுமே!

ஆகவே பேட்டரி என்பது பொழுதுபோக்குக்காரர்களின் கவலை என்று யாரும் எண்ண வேண்டாம். இன்று வேலை மாற்றச் செய்தி கைப்பேசியில் வருகிறது. சம்பளம் வங்கிக் கணக்கில் விழுந்த சேதி அதில்தான் வருகிறது. பிள்ளையின் பள்ளியிலிருந்து ஆசிரியர் அழைப்பதும், கடல் கடந்து வந்து நம்மோடு உழைக்கும் வங்காளதேச, இந்தோனேசியத் தோழர்கள் பெண்டு பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதும் அதில்தான். கத்தியும் வாளியும் போலக் கைப்பேசியும் தொழிற்கருவியாகி விட்டது. வேலைப் பொழுது முழுவதும் நிற்காத கருவியால் தொழிலாளிக்கு என்ன பயன்?

இந்தக் கருவிக்கு நாம் கொடுக்கும் விலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. இருபத்தாறு நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்குச் சுமார் 65 வெள்ளி. 600 வெள்ளிக்குக் கைப்பேசி வாங்குகிறவர் ஒன்பது நாள் வியர்வையைக் கொடுத்து வாங்குகிறார். பழையதையே வைத்துக் கொள்ளலாம் என்றாலும் வழியில்லை. 2021ஆம் ஆண்டு முடிவுக்குள் மூன்றாம் தலைமுறை அலைவரிசை நாடெங்கும் நிறுத்தப்பட்டபோது, நன்றாக உழைத்துக் கொண்டிருந்த எத்தனையோ கைப்பேசிகள் மேசை இழுப்பறைக்குப் போயின. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். கடையிலே போடும் காசை அளக்காமல் போடலாமா?

கடைக்குப் போனவுடன் விற்பனைக்காரத் தம்பி கேமராவைத்தான் முதலில் காட்டுவார். அழகாய்ப் படம் பிடிக்கிறதே என்று நம் அக்காமாரும் மயங்கி விடுகிறார்கள். அவரை நிறுத்தி, நாம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு.

முதலாவது, பேட்டரியின் கொள்ளளவு. மில்லி ஆம்பியர் மணி என்ற கணக்கில் அது பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கும். 5,000க்குக் குறைந்ததைத் தோட்டத் தொழிலாளி வாங்க வேண்டியதில்லை. இன்று மலிவான மாதிரிகளிலும் அந்த அளவு கிடைக்கிறது. ஆனால் தொட்டி பெரிதாக இருந்து குழாயும் பெரிதாக இருந்தால் தண்ணீர் நிற்குமா? உள்ளே இருக்கும் சில்லு பழைய தயாரிப்பானால் அதிகம் குடிக்கும். சில்லு எத்தனை நானோமீட்டர் என்று கேளுங்கள். பன்னிரண்டைவிட ஆறு பொதுவாகச் சிக்கனமானது.

இரண்டாவது, திரை. கைப்பேசியில் பேட்டரியை மிகுதியாகத் தின்பது திரைதான். ஒரு நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும் திரை என்று பெருமையாகச் சொல்வார்கள். வழுக்கிக் கொண்டு ஓடும், உண்மைதான். பேட்டரியும் கூடவே ஓடும். அதனை 60க்குக் குறைக்கும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவது, பேட்டரி நலிந்து போனால் மாற்றுப் பேட்டரி தெலுக் இந்தானிலோ ஈப்போவிலோ கிடைக்குமா, கூலி எவ்வளவு என்பது. 2003இல் வந்த நோக்கியா 1100ஐ மூத்த தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தலையில் சிறு விளக்கு. முதுகைத் திறந்து நாமே பேட்டரியை மாற்றிக் கொள்ளலாம். 2008இல் வெளியான முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் பேட்டரியைக் கழற்றலாம். பிறகு வந்தவை பசை போட்டு ஒட்டப்பட்டன. ஆகையால் எவ்வளவு அரிய மாதிரியோ அவ்வளவு தொல்லை. ஊரில் பலர் வைத்திருக்கும் மாதிரியை வாங்குவது புத்திசாலித்தனம்.

நான்காவது, எத்தனை ஆண்டுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும் என்பது. பேட்டரி நன்றாயிருந்தும் புதுப்பிப்பு நின்று போனால், வங்கிச் செயலி ஒரு நாள் திறக்க மறுக்கும். ஐந்தாவது, சார்ஜரில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்பது. ஐந்து வெள்ளிச் சந்தைச் சார்ஜர் லயத்துக்கே நெருப்பு வைக்கக் கூடும்.

வாங்கியான பிறகு அதனை நம் வேலைக்குத் தக்கபடி அமைத்துக் கொள்ள வேண்டும். தையற்காரன் கொடுத்த சட்டையையும் உடம்புக்கு ஏற்றபடி பிடித்துக் கொள்கிறோமல்லவா? திரை வெளிச்சத்தைக் குறையுங்கள்; முப்பது விநாடியில் திரை அணையும்படி வையுங்கள். ஓ.எல்.இ.டி. திரையானால் கறுப்புத் தோற்றத்தை வைத்தால் மிச்சம் உண்டு. எல்.சி.டி. திரையில் அதனால் மிச்சம் இல்லையென்றே சொல்லலாம்.

தோட்டத்துக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. கோபுரம் தூரத்தில் இருந்தால், கைப்பேசி அதனை எட்டிப் பிடிக்க உரக்கக் கூவுகிறது; கூவக் கூவப் பேட்டரி கரைகிறது. பட்டணத்தில் இரவு வரை நிற்கும் கைப்பேசி நம் காட்டில் நண்பகலில் சாவதற்கு இதுவே காரணம். ஐந்தாம் தலைமுறை அலை எட்டாத இடத்தில் அதனைத் தேடிக் கொண்டே இருப்பதை நிறுத்தி, நான்காம் தலைமுறையோடு நிற்கும்படி அமைப்பில் மாற்றி விடுங்கள். இரண்டு சிம் இருந்தால் காட்டில் எது எடுக்கிறதோ அதை மட்டும் விடுங்கள். அலையே இல்லாத பள்ளத்தில் விமான நிலையில் போட்டு, மேட்டுக்கு வந்ததும் எடுத்து விடுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் விடிந்தால் நாற்பது பேர் பூவும் விளக்கும் போட்டு வணக்கம் சொல்கிறார்கள். அன்புக்கு நன்றி! ஆனால் அத்தனை படமும் காணொளியும் தாமாக இறங்கினால் பேட்டரியும் டேட்டாவும் சேர்ந்து போகும். தானாக இறங்குவதை நிறுத்துங்கள்; வேண்டியதைத் தொட்டுத் திறந்து கொள்ளலாம்.

2018இல் வந்த ஒன்பதாவது ஆண்ட்ராய்டு முதற்கொண்டு, நாம் அடிக்கடி திறக்காத செயலிகளைத் தானே அடக்கி வைக்கும் ஏற்பாடு இருக்கிறது. அது நல்லதே. ஆயினும் சில நிறுவனங்களின் கைப்பேசிகள் மிதமிஞ்சி அடக்கி, வேலைச் செய்தியையும் வர விடாமல் செய்து விடுகின்றன. வேலைக் குழு, வங்கி, காலை மணி இம்மூன்றையும் மட்டும் பேட்டரி அமைப்புக்குள் சென்று கட்டுப்பாடின்றி ஓட விடுங்கள். பேட்டரியைப் பெருக்குவதாகச் சொல்லும் தனிச் செயலிகளை ஏற்றாதீர்கள். அவை மற்றவற்றைக் கொல்லும். கொன்றவை மறுபடி எழும். எழுவதற்கே பேட்டரி செலவாகும். பூட்டை உடைத்து வேறு ஆண்ட்ராய்டு ஏற்றித் தருகிறேன் என்று வரும் இளைஞர்களிடமும் எச்சரிக்கை தேவை. விஷயம் தெரிந்தவர் தம் கைப்பேசியில் செய்து பார்க்கட்டும். சம்பளம் பார்க்கும் கைப்பேசியில் அதைச் செய்தால் உத்தரவாதமும் போகலாம், வங்கிச் செயலியும் நிற்கலாம்.

பேட்டரிக்குப் பகை வெப்பம். லித்தியம் அயான் பேட்டரி 1991இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு வழி கண்ட மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆயினும் வெயிலில் நிறுத்திய மோட்டார் சைக்கிளின் கூடையில் அதனை வேக வைத்தால் எந்த விஞ்ஞானியாலும் காப்பாற்ற முடியாது. இருபது விழுக்காட்டுக்குக் கீழே இறங்க விடாமலும், எப்போதும் நூற்றிலேயே நிறுத்தாமலும் இருந்தால் ஆயுள் கூடும். எண்பதில் நிறுத்தும் வசதி பல மாதிரிகளில் உண்டு. பால் ஸ்டோரில் சார்ஜ் போடாதீர்கள். அங்குள்ள அமோனியா ஆவி செப்பு முனைகளை அரிக்கும். மின்சாரச் செலவுக்கும் அஞ்ச வேண்டாம். ஒரு யூனிட் மின்சாரத்தில் 5,000 அளவுள்ள கைப்பேசியை முப்பது தடவைக்கு மேல் நிரப்பலாம்.

இவ்வளவும் தொழிலாளி தானே செய்து கொள்ளக் கூடியது. ஆனால் சிக்கனத்தை மட்டும் நமக்குப் போதித்து விட்டு நிர்வாகம் ஒதுங்கிக் கொள்ள முடியாது. நம் காசில் வாங்கிய கைப்பேசியில் நிர்வாகத்தின் வேலை நடக்கிறது. அப்படியானால் அதற்குரிய பொறுப்பும் அவர்களுக்கு உண்டு. வேலை மாற்றச் செய்தியைப் பலகையிலும் ஒட்ட வேண்டும். பேட்டரி நின்றதால் செய்தி காணாதவரைக் கட்டளை மீறியவராகக் கருதக் கூடாது. விடியுமுன் வெட்டுக்குப் போகிறவர்களுக்கு நல்ல தலைவிளக்கு கொடுக்க வேண்டும். கைப்பேசி விளக்காக எரிய வேண்டியதில்லை. ஒவ்வொரு மண்டோரிடமும் நிர்வாகத்தின் கைப்பேசி ஒன்றும் பவர்பேங்க் ஒன்றும் இருக்க வேண்டும். பிரட்டுக் களத்தில் பூட்டுள்ள சார்ஜ் அலமாரி ஒன்று வைக்க எத்தனை வெள்ளி ஆகி விடும்? கிராணிமாராகிய நாமும் இரவு பதினொரு மணிக்கு அனுப்பிய செய்தியை விடியற்காலையில் பார்த்திருக்க வேண்டும் என்று அதட்டும் பழக்கத்தை விட வேண்டும்.

அரசாங்கத்திடமும் நமக்கு ஒரு சொல் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் கைப்பேசியின் பேட்டரி, 800 முறை நிரப்பிய பிறகும் எண்பது விழுக்காடு கொள்ள வேண்டும் என்பது சட்டம். ஒரு முறை நிரப்பினால் எத்தனை மணி நிற்கும் என்பதைச் சீட்டில் எழுதி ஒட்ட வேண்டும். விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டுக்கு மாற்றுப் பேட்டரி கிடைக்கச் செய்ய வேண்டும். 2027 பிப்ரவரி 18 முதல், சில விதிவிலக்குகளுடன், வாங்கியவரே பேட்டரியைக் கழற்றி மாற்றும்படி செய்ய வேண்டும் என்ற சட்டமும் இயற்றப்பட்டுள்ளது. பாரிசில் இருப்பவருக்கு உள்ள உரிமை பாகான் டத்தோ மாவட்டத்துப் பால்வெட்டுக்காரருக்கு ஏன் கூடாது? அவரல்லவா அறுநூறு வெள்ளியை ஒன்பது நாள் உழைத்துக் கொடுக்கிறார்!

அதுவரை கையில் உள்ள சட்டத்தையாவது பயன்படுத்துவோம். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், நியாயமான காலத்துக்கு உதிரிப் பாகமும் பழுது பார்க்கும் வசதியும் கிடைக்கும் என்ற உத்தரவாதத்தை வாங்குபவருக்கு அளிக்கிறது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளிக் கட்டணத்தில், வழக்கறிஞரின்றி, 50,000 வெள்ளி வரை முறையிடலாம். இரசீதைக் கிழித்தெறியாதீர்கள்; பாரம் நிரப்பத் தெரியாதவர்களுக்குச் சங்கத்துக் கிராணிமார் நிரப்பிக் கொடுப்பார்கள்.

தோழர்களே, இன்றிரவு படுக்கப் போகுமுன் உங்கள் கைப்பேசியைத் திறந்து, பேட்டரியை எது தின்கிறது என்ற பட்டியலைப் பாருங்கள். வேண்டாததை அடக்குங்கள். நாளைக் காலை பிரட்டுக்கு வரும்போது அது நிறைந்திருக்கட்டும். அடுத்த கிளைக் கூட்டத்தில் தலைவிளக்கையும் பலகையையும் சார்ஜ் அலமாரியையும் தீர்மானமாகக் கொண்டு வருவோம். அந்த அம்மாளுக்கு வீணான இருபது நிமிடம் இனி எந்தத் தொழிலாளிக்கும் வீணாகக் கூடாது.